“எந்தப் புக்குல சார் இருக்கு?” – சுனிதி நாம்ஜோஷி என்ற கவிஞரின் கதை



இன்றைக்கு எழுதப்போவது சர்க்கரை நோய் பற்றியோ, பிபி மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது என்பது பற்றியோ இல்லை. ஒரு கவிஞரைப் பற்றி. அவர் ஒரு ஆசிரியர். பெண்ணியவாதி. பெண்ணை நேசித்த பெண்.

“டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்பீர்கள். பதில் சொல்ல, என்னோட தப்பு ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வச்சுட்டு வாங்க.

2019, தை மாசம். டெல்டாவில் சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். அறுப்புக் காலத்தில் எங்க ஓபியில் கூட்டம் கொஞ்சம் குறைவா இருக்கும். காய்ச்சலே அடிச்சாலும் களத்துமேட்டு வேலையை விட்டுட்டு யாரு வருவா?

அப்படி ஒரு நாள் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. கல்லூரியில் படிக்கிற பெண். (யார் என்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“தூங்க மாட்டேங்குது சார். சோறு திங்க மாட்டேங்குது. ஆளு பாதியாப் போச்சு பாருங்க.”

பரிசோதித்தேன். ரத்த சோகை கொஞ்சம் இருந்தது. தைராய்டு சரி. காய்ச்சல் இல்லை.

அந்தம்மா நாற்காலியை கிட்ட இழுத்துப்போட்டு மெதுவான குரலில் சொன்னாங்க. “கூடப் படிச்ச புள்ளையோடதான் இருப்பேங்குது சார். கல்யாணமே வேணாங்குது. மாப்பிள்ளை வீட்டுல பூ வச்சுட்டுப் போயிட்டாங்க. மந்திரிச்சும் பாத்தாச்சு. நீங்க ஒரு ஊசியோ மாத்திரையோ எழுதிக் குடுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வயசுக் கோளாறும்மா. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்.”

அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டாக்டரே சொல்லிட்டாரே!

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இது எந்தப் புக்குல சார் இருக்கு?”

திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, “அடுத்த வாரம் வாங்க” என்றேன். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அன்று இரவு வீட்டில் பரண் மேல் கிடந்த என் எம்பிபிஎஸ் புத்தகங்களைக் கீழே இறக்கினேன்.

தடயவியல் மருத்துவப் பாடம். பாலியல் குற்றங்கள் என்ற அத்தியாயம். பெண்ணைப் பெண் நேசிப்பது அங்கே “இயற்கைக்கு மாறான குற்றங்கள்” என்ற தலைப்பின் கீழ், விலங்குகளோடு உறவு கொள்வதற்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் “பிறழ்ச்சிகள்” பட்டியல். நான் அதைப் பச்சை நிற மார்க்கரால் அடிக்கோடு போட்டிருந்தேன். ஐந்து மார்க் கேள்வி.

ஆக, புக்கில் இருக்கத்தான் செய்தது. எழுதியவர் எதை வைத்து எழுதினார் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

இது நடந்து மூன்று நான்கு வருடம் கழித்து, ஒரு புத்தகத் திருவிழாவில் என் மகளுக்காகக் குழந்தைகள் கதைப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அதிதி என்ற சிறுமி, அவளோடு ஒரு ஒற்றைக்கண் குரங்கு, ஒரு யானை, ஒரு எறும்பு. எல்லாரும் சேர்ந்து சாகசத்துக்குக் கிளம்புகிறார்கள். மகளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. “இன்னும் இருக்காப்பா?” என்று கேட்டாள்.

எழுதியவர் யார் என்று பார்த்தேன். சுனிதி நாம்ஜோஷி. இன்னும் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று இணையத்தில் தேடினேன். தேடியவன் விடிய விடியப் படித்துக்கொண்டிருந்தேன்.

வாங்க, கதைக்குள்ள போவோம்.

சுனிதி 1941ல் பம்பாயில் பிறந்தவர். அம்மா வழியில் அரச குடும்பம். மகாராஷ்டிராவின் சாத்தாரா பக்கம் பல்டண் என்ற சின்ன சமஸ்தானம். அதன் ராஜாவான மாலோஜிராவ் நாயக் நிம்பால்கர்தான் இவருடைய தாத்தா. அப்பா விமானி. பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் புது விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் வேலை. 1953ல் விமானம் விழுந்து அப்பா இறந்தபோது சுனிதிக்கு 12 வயது.

முசூரி உட்ஸ்டாக் பள்ளியிலும், ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி பள்ளியிலும் படித்தார். பிறகு புனே பல்கலைக்கழகம்.

1960களில் ஐஏஎஸ் ஆனார்.

இங்கே ஒரு நிமிஷம். அந்தக் காலத்தில் ஒரு பெண் ஐஏஎஸ் ஆவது என்ன மாதிரி விஷயம் என்று நமக்கு இப்போது புரியாது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் ஐஏஎஸ் அதிகாரி அன்னா ராஜம், 1951ல் நம்ம சென்னை மாகாணத்துக்குத்தான் வந்தார். ஓசூரில் சப் கலெக்டர். அவருடைய பணி நியமன ஆணையிலேயே, திருமணம் செய்தால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்தது. அப்புறம் வந்த பணி விதியிலும், பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று இருந்தது. 1972ல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொன்னேன்? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும். அரசாங்கத்துக்கோ, கல்யாணம் ஆன பெண்தான் பிரச்சினை! பெண் எது செய்தாலும் அவளை அடக்க ஒரு விதி தயாராக இருந்திருக்கிறது.

அதிகாரியாக இருந்தபோதே சுனிதி கவிதையும் எழுதினார். 1967ல் கல்கத்தாவின் ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் அவருடைய முதல் தொகுப்பை வெளியிட்டது. அடுத்த வருடம், மராத்திக் கவிஞர் கோவிந்தாக்ரஜின் கவிதைகளை அம்மா சரோஜினியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மாவும் மகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்த புத்தகம் அது.

அரச குடும்பம், ஐஏஎஸ் பதவி, கவிஞர் என்ற பெயர். வெளியே இருந்து பார்த்தால் அந்த வாழ்க்கையில் குறை சொல்ல எதுவுமே இல்லை.

ஆனால் தான் யார் என்பதை வாய் திறந்து சொல்ல அவருக்கு இங்கே இடம் இல்லை. 1860ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு அப்போது உயிரோடு இருந்தது. அது பெண்களுக்கு நேரடியாகப் பொருந்துமா என்பதில் வக்கீல்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் வீட்டில் மிரட்ட, ஸ்டேஷனில் உட்கார வைக்க அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படிக்கப் போனார். பிறகு வேலையை விட்டுவிட்டு கனடாவுக்குப் போனார். மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எஸ்ரா பவுண்ட் கவிதைகளில் முனைவர் பட்டம். 1972ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியர். 1980களின் கடைசிப் பகுதி வரை அந்த வேலை.

கனடாவில் 1969லேயே இதற்கான சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். அதாவது அவர் போய் இறங்கிய நேரத்தில் அந்த மண்ணில் அது குற்றம் இல்லை. ஆனாலும் அவர் தன்னைப் பற்றி வெளிப்படையாக எழுத இன்னும் பத்து வருடம் ஆனது. சட்டம் விட்டாலும் உள்ளே இருக்கும் பயம் உடனே விடாது. இதை என் ஓபியிலும் பார்க்கிறேன்.

1978-79ல் விடுமுறை எடுத்து இங்கிலாந்தில் இருந்த காலம் ஒரு திருப்பம். அங்கே பெண்ணிய இயக்கத்தோடு நெருங்கினார். 1981ல் லண்டனில் ஷீபா என்ற சின்ன பெண்ணியப் பதிப்பகம் அவருடைய புத்தகத்தைக் கொண்டுவந்தது. ‘ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ்’. பெண்ணிய நீதிக்கதைகள் என்று தமிழில் சொல்லலாம்.

பஞ்சதந்திரம் நமக்குத் தெரியும். சிங்கம் ராஜா, நரி மந்திரி, முயல் புத்திசாலி. ஈசாப் கதை தெரியும். இளவரசிக் கதை தெரியும். சுனிதி அந்தக் கதைகளையே எடுத்து, அதில் வாய் பேசாமல் நிற்கும் பெண்ணைப் பேச வைத்தார். ஒரு கதைக்கு ஒரு பக்கம், சில நேரம் அரைப்பக்கம். கடைசி வரியில் நம்மைக் குப்புறத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

மிருகங்கள் ஏன் என்றால் அதற்கும் காரணம் வைத்திருக்கிறார். மனிதன் மேலே, மிருகம் கீழே என்ற பாகுபாடு தான் வளர்ந்த இந்து மரபில் இல்லை, எல்லா உயிருக்கும் ஆன்மா உண்டு என்பதால் மிருகமாகப் பேசுவது தனக்கு இயல்பு என்கிறார். மேற்கு நாட்டுக்குப் போனபின் அவர் தன் கதையைச் சொல்ல எடுத்த கருவி பாட்டி சொன்ன கதை மாதிரிதான். இறக்குமதிச் சரக்கு இல்லை.

1985ல் வந்த நாவலில் ‘சுனிதி’ என்றே ஒரு பாத்திரம். அவளுக்குத் தோழி ஒரு மாடு. பெயர் பத்ராவதி. சாதாரண மாடு இல்லை, பெண்ணை நேசிக்கும் பசு! சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே படிக்கும்போது, யார் மனிதர், யார் பெண், எது இயல்பு என்று நாம் கட்டி வைத்த வேலியெல்லாம் ஒவ்வொன்றாகச் சாய்வது தெரியும்.

1986ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த கவிஞர் கில்லியன் ஹான்ஸ்கோம் என்பவரோடு சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பு. இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட காதல் கவிதைகள். கில்லியன்தான் அவருடைய வாழ்க்கைத் துணை. இருவரும் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் குடியேறினார்கள்.

1988ல் நீலக் கழுதைக் கதைகள். ஒரு ஊரில் சிவப்புப் பாலம். அதன் பக்கத்தில் ஒரு நீலக் கழுதை. ஊரை நிர்வகிக்கும் பெரியவர்களுக்கு அது கண்ணை உறுத்துகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் பொருத்தம் இல்லையாம். கழுதை நிறத்தை மாத்திக்கணும், இல்லாட்டி ஊரைவிட்டுக் கிளம்பணும். கழுதை செய்த குற்றம், நீலமாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கதையை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறம் மாற மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் நான்தானே?

இப்போ ஒரு மருத்துவராக ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன்.

உலகத்தில் எந்த நோய்க்கு என்ன எண் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவது அதை வைத்துத்தான். அதன் ஒன்பதாவது பதிப்பில் தன்பாலீர்ப்புக்கு 302.0 என்று எண் கொடுத்திருந்தார்கள். டைபாய்டுக்கு ஒரு எண் இருப்பது மாதிரி.

1973ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் “இது நோய் இல்லை” என்று தன் பட்டியலில் இருந்து எடுத்தது. அப்போது சுனிதிக்கு 32 வயது.

உலக சுகாதார நிறுவனம் எடுத்த நாள் 1990 மே 17. அவருக்கு 49 வயது.

அதாவது 1981ல் அந்தப் புத்தகம் வந்தபோது, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அந்தப் பேராசிரியர், உலகப் பட்டியலின்படி ஒரு நோயாளி. 1990ல் ஒரு மாத்திரை கூடப் போடாமல், ஒரே நாளில் ‘குணமாகிவிட்டார்’.

எந்த நோயாவது ஜெனீவாவில் கை தூக்கி முடிவு செய்ததால் குணமாகுமா? ஆகாது. அப்படியானால் அது முதலில் இருந்தே நோய் இல்லை. பட்டியல் எழுதினவங்கதான் தப்பு பண்ணாங்க.

இங்கே சிலர் வருவார்கள். “டாக்டர், இதெல்லாம் நம்ம கலாச்சாரமா? வெளிநாட்டுல இருந்து வந்தது.”

தஞ்சாவூர்க்காரனா ஒரு பதில் சொல்றேன்.

சுனிதி மராத்திய அரச குடும்பம் என்றேன் இல்லையா? நம்ம ஊரையும் மராத்திய மன்னர்கள் ஆண்டார்கள். 1739 முதல் 1763 வரை ஆண்டவர் பிரதாபசிம்மர். அவர் அவையில் முத்துப்பழனி என்று ஒரு பெண் கவிஞர் இருந்தார். தேவதாசி மரபு. தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியம் எழுதினார். 584 பாடல்கள். கண்ணனின் ஆசையை எல்லாரும் பாடியிருக்கிறார்கள். இவர் ராதையின் ஆசையை, ராதையின் கோபத்தைப் பாடினார். பாட்டி பெயர், அத்தை பெயர் எல்லாம் பெருமையாகச் சொல்லித்தான் காவியத்தைத் தொடங்கினார். அரண்மனையில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

(முத்துப்பழனி பெண்ணை நேசித்தவர் என்று நான் சொல்லவில்லை. தன் விருப்பத்தைத் தானே எழுதிய பெண் என்கிறேன்.)

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1910ல் அதே காவியத்தை முழுசாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆமாம், திருவையாறில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டு கோயில் எழுப்பிய அதே அம்மையார். வருஷா வருஷம் ஆராதனைக்குப் போகிறோமே, அந்த இடம். ஒரு காலத்தில் அந்த ஆராதனையில் பெண்கள் பாடவே முடியாது. தனியாகப் பெண்கள் கச்சேரி நடத்திப் போராடியவர் அவர்.

நாகரத்தினம்மாள் பதிப்பித்ததும் என்ன ஆனது? பெரிய சீர்திருத்தவாதி என்று பெயர் எடுத்த கந்துகூரி வீரேசலிங்கமே அந்தக் காவியத்தை ஆபாசம் என்று தள்ளியிருந்தார். ஆண் கவிஞர்கள் இதைவிட அதிகமாக எழுதினார்களே, வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்ற பொருளில் திருப்பிக் கேட்டார் நாகரத்தினம்மாள். 1911ல் ஆங்கிலேய அரசு அந்தப் புத்தகத்தின் பிரதிகளைப் பறிமுதல் செய்து தடை போட்டது. 1940களில் டி. பிரகாசம் காலத்தில்தான் தடை நீங்கியது.

இப்ப சொல்லுங்க. நம்ம ஊருக்கு வெளியே இருந்து வந்தது எது? பெண் தன் ஆசையை எழுதியது இங்கே தஞ்சாவூர் அரண்மனையிலேயே நடந்தது. கப்பல் ஏறி வந்தது 377, ஆபாசத் தடைச் சட்டம், என் தடயவியல் பாடம். மூன்றும்தான்.

சரி, சுனிதிக்கு வருவோம்.

இவர் கதையைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இவருக்கு வெளியேற வழி இருந்தது. அரண்மனை, ஆங்கிலம், ஐஏஎஸ், முனைவர் பட்டம். பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்ப முடிந்தது.

அதை அவரே மறைக்கவில்லை. 2000ல் எழுதிய ‘கோஜா’ என்ற சுயசரிதையின் பெயரே, அவரைத் தூக்கி வளர்த்த வேலைக்காரப் பெண்ணின் பெயர்தான். அந்தப் புத்தகத்தில், செத்துப்போன அந்த கோஜாவோடும், ராணியான தன் பாட்டியோடும் பேசுகிறார். அன்பு காட்டியவள் வேலைக்காரி, அதிகாரம் வைத்திருந்தவள் பாட்டி. இருவருக்கும் நடுவில் நின்ற குழந்தை, நான் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்கிறது. தன் ஒடுக்குமுறையை மட்டும் பேசிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த பல்லக்கைப் பேசாமல் விட்டவர் இல்லை இவர்.

எங்க ஓபிக்கு வந்த பெண்ணுக்கு டொரான்டோ கிடையாது. ராத்திரி பஸ் ஏறினால் திருப்பூர் பனியன் கம்பெனி, இல்லாவிட்டால் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல். அதுவும் பின்னாலேயே “பெண்ணைக் காணோம்” என்று ஸ்டேஷனில் புகார் வரும் வரைக்கும்தான்.

அதனால்தான் அடுத்து நான் சொல்லப்போறது முக்கியம்.

2017ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

2018 செப்டம்பர் 6. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதை 377ன் கீழ் குற்றமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுனிதிக்கு அப்போது 77 வயது.

தேதியைக் கவனிச்சீங்களா? நான் அந்தப் பெண்ணிடம் “வயசுக் கோளாறு” என்று சொன்னது 2019 தை. சட்டம் மாறி நாலு மாசம். மனநலச் சட்டம் வந்து ரெண்டு வருஷம். உலகப் பட்டியல் மாறி 29 வருஷம். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது என் தப்பு.

2021ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டு சென்னைக்கு வந்து, பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர் செய்த காரியத்தை நான் இன்றுவரை நினைத்து ஆச்சரியப்படுகிறேன். “இந்த விஷயத்தில் எனக்கே முழுப் புரிதல் இல்லை” என்று ஒப்புக்கொண்டு, தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, பிறகு உத்தரவு எழுதினார். 2021 ஜூன் 7 தேதியிட்ட உத்தரவு. தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை. போலீஸ் தொல்லை கொடுக்கக் கூடாது.

மருத்துவப் பாடப்புத்தகங்களில் இருக்கும் தப்பான வரிகளையும் அதே வழக்கில் அவர் கேள்வி கேட்டார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி ‘மாற்றும் சிகிச்சை’ செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. அதே ஆண்டு தமிழக அரசு, இவர்களை எந்தச் சொல்லால் மரியாதையாகக் குறிப்பிடுவது என்று ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

முடிந்ததா என்றால், இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்ட வழிகாட்டியில், பெண்ணைப் பெண் நேசிப்பது மறுபடி “இயற்கைக்கு மாறான குற்றம்” பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது! எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். பழைய வரி எவ்வளவு சுலபமாகத் திரும்பி வருகிறது பாருங்கள்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண் ஒருவர், தான் நேசிக்கும் பெண்ணோடு போக நீதிமன்றம் வழிவிட்டது. குடும்பம் அமைய கல்யாணம் ஒன்று மட்டுமே வழி இல்லை என்றும் சொன்னது.

1960களில் சுனிதி நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு பெண் வழக்குப் போட்டாவது இங்கேயே இருக்க முடிகிறது. இந்த மாற்றம் தானாக வரவில்லை. எழுதியவர்கள் எழுதினார்கள், வழக்குப் போட்டவர்கள் போட்டார்கள். டாக்டர்கள் நாங்கள்தான் ரொம்பக் கடைசியாக வந்து சேர்ந்தோம்.

இப்போது அப்படி ஒரு அம்மா வந்தால் நான் என்ன செய்கிறேன்?

முதலில் மகளிடம் தனியாகப் பேசுகிறேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கிறேன். வீட்டில் அடிக்கிறார்களா, கட்டாயக் கல்யாணமா என்று கேட்கிறேன். மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வுக்கு மட்டும்தான் சிகிச்சை. நேசிப்பதற்கு இல்லை.

பிறகு அவள் சரி என்று சொன்னால் மட்டும் அம்மாவிடம் பேசுகிறேன். அவள் என்னிடம் சொன்னதை அவள் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. “உங்க வளர்ப்புல எந்தக் குறையும் இல்லம்மா. இது நோயும் இல்ல, பேயும் இல்ல. புள்ள உசுரோட, சந்தோஷமா இருக்கணும்ல? மொதல்ல அதைப் பாப்போம்” என்கிறேன்.

எல்லா அம்மாவும் கேட்பதில்லை. போன வருஷம் ஒருத்தர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். இன்னொரு அம்மா ரொம்ப நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஊரு என்ன சொல்லும் சார்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. “ஊரைக் கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க எப்ப வந்தாலும் நான் இருப்பேன்” என்றேன். அவர் அடுத்த மாசமும் வந்தார். மகளோடு.

சுனிதி நாம்ஜோஷியின் எழுத்துகள் 2012ல் ஜுபான் பதிப்பகம் வழியாக ஒரே தொகுப்பாக இந்தியாவில் வந்திருக்கின்றன. ஆங்கிலம் படிக்கிறவர்கள் வாங்கிப் படியுங்கள். பிள்ளைகளுக்கு அதிதி கதைகள் வாங்கிக் கொடுங்கள். பல்கலைக்கழக வேலையை விட்டபிறகும் ஆசிரியர் ஆசிரியராகத்தான் இருந்திருக்கிறார். என் மகளுக்கும் பாடம் நடத்தினார், எனக்கும் நடத்தினார்.

மருத்துவ மாணவத் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பாடப்புத்தகத்தில் பச்சை மார்க்கரால் கோடு போடும் முன், இது எதை வைத்துச் சொல்லப்படுகிறது என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்கவில்லை. எனக்காக ஒரு பெண் கேட்டாள்.

மனசு பாரமாக இருந்தால், உயிரை விடலாம் என்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ, 104க்கோ கூப்பிடுங்கள். எந்த நேரமும் பேசலாம். காசு கிடையாது.

கடைசியாக, 2019 தை மாசம் என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு.

எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. உன் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

புக்குல இருந்துச்சும்மா. அந்தப் புக்கு தப்பு. அதை நம்பிச் சொன்ன நானும் தப்பு.

மன்னிச்சிடு.



– அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.,
தஞ்சாவூர் மாவட்டம்